வெள்வேல் பள்ளத்தில் பன்னிரண்டு நாள்

மேலக்கரட்டில் அந்தக் கோடையில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. பச்சை எங்கே இருக்கிறது? மூன்று வருஷமாக மழை இல்லை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. ஊரிலிருந்த இரண்டாயிரம் ஆடுகளும் காய்ந்த பனையோலையையும் சுவரொட்டிக் காகிதத்தையும் தின்று எலும்பும் தோலுமாக நின்றன. அப்போதுதான் சேவுகன் கண்மாய்க்கரை மேல் ஏறி நின்று, கூனிமலைக்கு அந்தப் பக்கம் போகப்போகிறேன் என்றான். வெள்வேல் பள்ளம் இருப்பது உண்மையானால் திரும்பி வந்து ஊர்க்கிடை மொத்தத்தையும் தானே கூட்டிப்போவதாகவும் சொன்னான்!

யாரும் சிரிக்கவில்லை. யாரும் நம்பவும் இல்லை. அந்தப் பள்ளத்தைப் பார்த்ததாகச் சொன்ன ஒரே ஆள் சேவுகனின் சித்தப்பா வீரணன். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய பஞ்சத்தில் தொண்ணூறு ஆடுகளோடு மலைக்குப் போனவர், இரண்டு மாதம் கழித்துத் தனியாக வந்தார். பள்ளம் முழுக்க வெள்வேல மரம், ஒரே பச்சை என்று மட்டும் சொன்னார். ஆடு எங்கே என்று கேட்டால் எழுந்து போய்விடுவார். கேரளத்துப் பக்கம் விற்றுக் குடித்துவிட்டான் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. ஊர்களுக்கு இந்த வேலை மட்டும் எப்போதும் சுலபமாக வரும்.

வீரணன் போன தையில் செத்துப்போனார். அவர் பெட்டியில் ஒரு கயிறு கிடந்தது. ஆட்டுக்கிடை போட்டுப் பிழைக்கும் கிடைக்காரர்கள் போகும் பாதையைக் கயிற்றில் முடிச்சாகப் போட்டு வைப்பார்கள். ஒற்றை முடிச்சு என்றால் தங்கும் இடம், இரட்டை முடிச்சு என்றால் தண்ணீர். வீரணனின் கயிற்றில் ஒன்பது முடிச்சுகள் இருந்தன. ஒன்பதாவது முடிச்சு மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு பெரிது. சேவுகன் அந்தக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் கரையில் நின்றான். இருபத்தாறு வயது. ஆள் நல்லவன். தனக்குத் தெரியாதது ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது.

அவனோடு இரண்டு பேர் கிளம்பினார்கள். ஒருவன் மாமன் மகன் மொக்கைச்சாமி. நெட்டையன், வாய் ஓயாதவன், முப்பது ஆடுகளுக்குச் சொந்தக்காரன். இன்னொருத்தி சேவுகனின் தங்கை இருளாயி.

இருளாயியின் கதை ஊருக்கே தெரியும். புருஷன் வீட்டுக்கு முழுசாகப் போனவள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் முன்பல் ஒன்று இல்லாமல் திரும்பி வந்தாள். ஊர்க்கூட்டம் உட்கார்ந்தது. நாட்டாமை சங்கையா யோசித்து யோசித்து ஒரு வழி சொன்னார். தன் ஆட்டை மேய்த்துத் தன் கஞ்சியைக் குடிக்கும் வரை அவள் இங்கே இருக்கலாம். அண்ணன் சட்டியில் கை வைக்கிற நாளில் புருஷன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். இதை நியாயம் என்று சொல்லி எல்லோரும் கலைந்தார்கள். அவள் பிறந்தபோது ஆத்தா விட்ட ஒரு பெட்டைக்குட்டி பெருகி முப்பத்தெட்டாக நின்றது. அந்த முப்பத்தெட்டும் உயிரோடு இருக்கும் வரைதான் அவளுக்கு அடி இல்லை. அதனால்தான் அவளும் கிளம்பினாள்.

சேவுகனின் ஆடு எழுபது. ஆக நூற்று முப்பத்தெட்டு ஆடுகள், மூன்று பேர், செவலை நாய், தழை வளைத்து அறுக்க மூன்று தொரட்டிக் கம்பு, ஒரு சாக்குக் கம்பு மாவு. விடிந்ததும் நடந்தார்கள்.

முதல் மூன்று முடிச்சுகள் கரட்டுக்காடு. நான்காவது இரட்டை முடிச்சு. ஓடையில் சொட்டு ஈரம் இல்லை. மூவரும் உச்சி வெயிலில் மணலைத் தோண்டினார்கள். இடுப்பளவு, மார்பளவு, தலைக்கு மேலே! கடைசியில் கலங்கலாக ஊறிய தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு மொண்டு ஊற்றி நூற்று முப்பத்தெட்டு வாய்களையும் நனைக்க ஒரு பகல் முழுக்க ஆயிற்று. ஆறாவது முடிச்சில் கரடி ஒன்று குறுக்கே வந்தது. செவலை குரைத்த குரையில் அதுவே அலுத்துப்போய் விலகியது.

எட்டாவது முடிச்சு ஒற்றையாள் இடுக்கு. இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒரு ஆள் தோளைச் சாய்த்துப் போகும் அகலம்தான். காலடியில் ஒரு முழ விளிம்பு, அதற்குக் கீழே அதலபாதாளம். ஆடுகள் ஒவ்வொன்றாகப் போயின. ஆட்டுக்கு இதெல்லாம் தெரு. மனிதர்கள்தான் பாறையைக் கட்டிப்பிடித்து நகர்ந்தார்கள். மொக்கைச்சாமி நடுவில் போய்க்கொண்டிருந்தபோது காலடிக் கல் பெயர்ந்தது. அவன் சரிந்தான். விரல்கள் மட்டும் விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தன. பின்னால் வந்த இருளாயி ஒரு கணமும் யோசிக்கவில்லை. தொரட்டியை நீட்டி அதன் இரும்புக் கொக்கியை அவன் இடுப்பு வாரில் மாட்டி, கம்பைப் பாறை வெடிப்பில் குறுக்கே திணித்து, அதன் மேல் தன் உடம்பைப் போட்டாள். சேவுகன் திரும்பி ஓடி வந்து அவன் கையைப் பிடித்துத் தூக்கினான்.

மேலே வந்த மொக்கைச்சாமி, வேட்டியில் கொக்கி கிழித்த ஓட்டையைப் பார்த்து, கட்டிக்கிற முறையுள்ள பொண்ணுக்கு இப்படியா தொரட்டி பிடிக்கத் தெரியணும் என்று முனகினான். இருளாயிக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பயணத்தில் அவள் சிரித்த கடைசி நாள் அது.

இடுக்கைத் தாண்டியதும் பள்ளம்!

வீரணன் பொய் சொல்லவில்லை. கிழக்கிலிருந்து மேற்காக நீண்டு கிடந்த அந்தப் பள்ளத்தில் கண்ணுக்கெட்டும் வரை வெள்வேல மரங்கள். வெளியே உலகமே கருகிக் கிடக்க, உள்ளே கொழுந்து கொழுந்தாகப் பச்சை. நடுவில் பாறைக்கடியில் ஒரு ஊற்று. ஆடுகள் கத்திக்கொண்டு இறங்கின. சேவுகன் மண்ணில் விழுந்து கும்பிட்டான். மொக்கைச்சாமி அழுதேவிட்டான். புதையல் என்றால் பொன்னும் மணியும் என்று நினைப்பவர்கள் மூன்று வருஷம் ஆடு பட்டினி கிடப்பதைப் பார்த்ததில்லை.

மரங்கள் வளர்ந்திருந்த விதத்திலேயே ஒரு விசேஷம் இருந்தது. ஒவ்வொன்றும் பக்கத்து மரத்தை அண்டவிடாமல் தள்ளித் தள்ளி நின்றது. அடியில் புல் இல்லை, பூண்டு இல்லை, சொந்தச் சருகுதான். தரையில் இருந்த ஈரத்தை யாருக்கும் விடாமல் குடித்துவிட்டு நின்றன. ஒரு ஆள் உயரம் வரை கிளையெல்லாம் விரல் நீள முள். அதற்கு மேலே முள் குறைந்து, உச்சியில் முள்ளே இல்லை.

சேவுகன் தொரட்டியைத் தட்டிக் காட்டினான்.

“மிளா மானோட வாய் எட்டுற வரைக்கும்தான் முள்ளு. மேல பாரு, வெறும் தழை. தொரட்டிக்காரனுக்குன்னே சாமி வளத்து வச்சிருக்கு.”

அன்றைக்கு அது சரியாகத்தான் பட்டது. முள் என்பது மரத்தின் காவல். அந்தக் காவலைத் தாண்டக் கை இருக்கிறது, கையில் கம்பு இருக்கிறது. மரத்துக்கு இன்னொரு காவல் இருக்கும் என்று தொரட்டி பிடித்த எவன் நினைத்திருக்கிறான்?

ஊற்றுப் பக்கம் முள்ளை வெட்டி வளைத்துப் பட்டி போட்டார்கள். கிடைக்காரன் போகும் இடமெல்லாம் முதலில் பட்டி போடுவான். அடைத்து வைத்துத் தழை வெட்டிப் போடுவது அவன் பிழைப்பு. சிறுத்தை இருக்கும் மலையில் அவிழ்த்துவிட்டு மேய்க்க அவன் கிறுக்கன் இல்லை. பள்ளத்தின் மேற்குப் பாதி பாறையும் ஏற்றமுமாக இருந்தது. கிழக்குப் பாதி சமதரை, மரமும் நெருக்கம். அதனால் ஊற்றிலிருந்து கிழக்கே பார்த்து, மரம் மரமாகத் தொரட்டி போட்டுக்கொண்டு போனார்கள்.

அதில் சேவுகன் ஒரு ஒழுங்கு வைத்தான். அன்றைக்கு வெட்டும் முதல் தழை, உச்சிக் கொழுந்து, இருளாயியின் ஆடுகளுக்கு. அடுத்தது மொக்கைச்சாமியின் ஆடுகளுக்கு. மிச்சமான குச்சியும் பழுத்த இலையும் தன்னுடைய எழுபதுக்கு. “ஒன் ஆடு தெம்பா இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்” என்று தங்கையிடம் சொன்னான். மனசறிந்து சொன்னான். வாழ்நாளில் அவன் செய்த மிக நல்ல காரியம் அதுதான் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

பட்டிக்குள்ளும் போட்டி இருந்தது. கொம்புள்ள கிடாக்களும் கொழுத்த பெட்டைகளும் முட்டித் தள்ளி முதல் கொத்தைப் பிடித்தன. சோதாக்களும் குட்டிகளும் ஓரத்தில் சருகு பொறுக்கின. சேவுகனின் ஆடுகள் கடைக்கோடியில் நின்றதால், படல் சந்துகளில் நுழைந்து மேற்கே பாறைக்கு ஓடி, காய்ந்த கொடியையும் உதிர்ந்த நெற்றையும் தின்றுவிட்டு வந்தன. ஒவ்வொரு முறையும் செவலையை ஏவி அடித்து விரட்டி உள்ளே போட்டார்கள். திருட்டு ஆடுகள் என்று மொக்கைச்சாமி திட்டினான்.

மூன்றாம் நாள் காலையில் இருளாயி மிளாக்களைப் பார்த்தாள். ஐந்து உருப்படி. மேட்டில் நின்று இவர்களையே பார்த்தன. பிறகு மேயத் தொடங்கின. ஒரு மரத்தில் நாலு வாய். அடுத்த மரத்தில் நாலு வாய். பசித்த மிருகம் எதற்கு இப்படி அரைகுறையாகக் கடித்துவிட்டு நகர்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. ஒன்றுவிடாமல் எல்லாம் மேற்கே பார்த்தே போயின, கோடைக்காற்று முகத்தில் அடிக்க அடிக்க. அண்ணனிடம் சொன்னாள். காட்டு மிருகத்துக்கு எங்கே ஒழுங்காகத் தின்னத் தெரியும் என்று அவன் சிரித்தான். இரண்டு நாளில் மிளாக்கள் காணாமல் போயின. இடத்தை நாம் பிடித்துவிட்டோம் என்று அவனுக்குப் பெருமை.

ஒரு வாரம் திருவிழா போலப் போயிற்று. ஆடுகளின் விலா மறைந்தது, வயிறு பானையாயிற்று. இன்னும் நாலு நாளில் ஊருக்குப் போய் எல்லாரையும் கூட்டி வரலாம் என்று சேவுகன் கணக்குப் போட்டான்.

எட்டாம் நாள் உச்சிப்பொழுதில் இருளாயி கஞ்சி கரைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கையை நிறுத்தினாள். ஏதோ குறைந்தது. கொஞ்ச நேரம் காது கொடுத்த பிறகுதான் என்னவென்று தெரிந்தது. படுத்திருக்கும் கிடையில் உச்சி வெயிலில் ஒரு சத்தம் உண்டு. நூறு தாடைகள் அசைபோடும் சத்தம். பிறந்ததிலிருந்து அவள் கேட்டு வளர்ந்த சத்தம். அது இல்லை.

எழுந்து பட்டிக்குள் ஓடினாள். கிடைக்கு முன்னால் நடக்கும் அவளுடைய முன்னத்தி ஆடு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ள சுட்டி, வயிறு உப்பித் தலை தொங்க நின்றது. வாயைப் பிரித்து விரலை விட்டுப் பார்த்தாள். அசைபோட எதுவும் மேலே வரவில்லை. பக்கத்தில் இருந்த கிடாவும் அப்படித்தான். அவளுடைய ஆடுகள் அத்தனையும் அப்படித்தான். ஓரத்தில் சருகு பொறுக்கிய சோதா ஆடு ஒன்று மட்டும் தாடையை ஆட்டிக்கொண்டிருந்தது.

கீழே கிடந்த தழையில் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டாள். காறித் துப்பினாள். முதல் நாளும் அவள் மென்று பார்த்திருந்தாள். கிடைக்காரி புதுத் தழையை மென்று பார்க்காமல் போட மாட்டாள். அன்றைக்கு லேசாகத் துவர்த்தது. இன்றைக்கு நாக்கு இழுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அவள் செய்தது இந்தப் பயணத்திலேயே பெரிய சாகசம். ஆனால் பார்க்க ஒன்றுமே இல்லை. ஒரு பெண்பிள்ளை மரம் மரமாகப் போய் இலை மென்றாள். தொரட்டி போட்ட மரம் எல்லாம் கசந்தது. அது ஆச்சரியம் இல்லை. அதற்குக் கிழக்கே, கை படாத மரத்துக்குப் போனாள். அதுவும் கசந்தது! இன்னும் கிழக்கே போனாள். கசப்பு. திரும்பி ஊற்றைத் தாண்டி மேற்கே, காற்றுக்கு எதிராக, பாறை ஏறிப் போனாள். முதல் மரம், முதல் நாளைப் போல லேசான துவர்ப்பு. இரண்டாவது மரம் துவர்ப்பு. வெட்டுப்பட்ட மரத்திலிருந்து காற்று போகிற பக்கமெல்லாம் கசந்திருந்தது. காற்று வருகிற பக்கம் கசக்கவில்லை. வாய் மரத்துப்போய், ஈறு எரிய, அவள் பாறையில் உட்கார்ந்தாள். ஆடுகள் ஏன் மேற்கே மேற்கே என்று ஓடின, மிளா ஏன் நாலு வாய்க்கு மேல் கடிக்கவில்லை என்பதெல்லாம் அங்கேதான் விளங்கியது. அவற்றை அடித்து அடித்துத் திருப்பியது யார் என்பதும் விளங்கியது.

அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். வெட்டுப்பட்ட மரம் மற்ற மரத்துக்குக் காற்றில் சொல்லிவிடுகிறது, எல்லாம் இலையில் கசப்பை ஏற்றிக்கொள்கின்றன, இந்தத் தழை குடலில் போய்ச் செரிக்க மாட்டேன் என்கிறது, பட்டியைப் பிரி என்றாள். மொக்கைச்சாமி, மரம் ஊர்க்கூட்டம் போட்டுப் பேசுகிறதா என்று கேட்டான். சேவுகன் கேலி பண்ணவில்லை. அவன் முகம் வெளுத்தது. ஆனாலும், மூன்று வருஷப் பட்டினிக் குடல் பச்சைக்குப் பழக நாளாகும், இரண்டு நாள் பொறு என்றான். அவள் பொறுத்தாள். பிற்பாடு அதற்காகத் தன்னையே வெகுநாள் திட்டிக்கொண்டாள்.

பத்தாம் நாள் காலையில் சுட்டி செத்தது. மதியத்துக்குள் இன்னும் பதினோரு ஆடுகள். எல்லாம் கொழுத்தவை, எல்லாம் முட்டித் தள்ளி முதல் கொத்தைப் பிடித்தவை. இருளாயி அரிவாளை எடுத்துச் சுட்டியின் இரைப்பையைக் கிழித்தாள். உள்ளே தழை அடைத்திருந்தது. தின்ற தழை தின்றபடியே இருந்தது. கரையவே இல்லை. முதுகில் கை வைத்தால் எலும்பு குத்தியது. வயிறு நிறையத் தழையோடு அது பட்டினி கிடந்து செத்திருந்தது.

கசந்த தழையை ஆடுகள் எட்டாத தூரத்துக்கு அள்ளிப் போட்டு எரிக்க மூவரும் முனைந்தார்கள். ஊற்றுக்குப் பின்னால் முதல் நாள் சேவுகன் குவித்த முள் குவியல் தீ மூட்டத் தோதாக இருந்தது. அதை விடு, அதை விடு என்று அவன் கத்தினான். இருளாயி அதற்குள் இழுத்துவிட்டாள். அடியில் கொம்புகள். மண்டையோடுகள். பத்து இருபது இல்லை. பழைய பட்டிக் கல் வரிசைக்குள் குவியலாகக் கிடந்தன. நடுவில் ஒரு வெண்கல மணி, அதில் வீரணனின் குடும்ப அடையாளமான மூன்று கோடு.

அவள் மணியை எடுத்து அண்ணன் முன்னால் நீட்டினாள்.

“இத மொத நாளே பாத்தியா?”

அவன் முள்ளை மறுபடி இழுத்து மூடப் பார்த்தான்.

“ஒன்னத்தான் கேக்குறேன் அண்ணே. பாத்தியா?”

“சிறுத்தை அடிச்சிருக்கும்னு நெனச்சேன்.”

“தொண்ணூறையுமா?”

சேவுகன் தரையில் உட்கார்ந்தான். சொன்னால் நீங்கள் திரும்பிவிடுவீர்கள் என்று பயந்தேன் என்றான். ஊருக்கு முன்னால் கரையில் ஏறி நின்று சொல்லிவிட்டேனே என்றான். அவ்வளவுதான் காரணம். கரையில் ஏறி நின்ற ஒரு ஆள் இறங்க வெட்கப்பட்டதற்காக இத்தனை உயிர் போயிற்று. வீரணனும் தன் ஆட்டைத் தானே கொன்றேன் என்று சொல்ல வெட்கப்பட்டுத்தான், குடிகாரன் என்ற பேரைச் சுமந்துகொண்டு செத்திருப்பார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தக் குடும்பத்தில் ஆண்களுக்கு ஆட்டைவிட மானம் பெரிது.

இருளாயி அழவில்லை. பட்டியை உதைத்துப் பிரித்தாள். “எந்திரிக்கிற ஆட்டை மட்டும் ஓட்டு” என்று மொக்கைச்சாமியிடம் சொன்னாள். செவலையைக் கட்டிப்போட்டாள். ஆடுகள் தாமாகவே மேற்கே திரும்பின. இரண்டு நாள் காற்றுக்கு எதிராகப் பாறை மேல் ஓட்டினார்கள். ஒரு மரத்தில் நாலு வாய், உடனே விரட்டு. கொடி, நெற்று, பாறை இடுக்குப் புல், எது கிடைத்தாலும் ஒரு வாய், உடனே விரட்டு. தொரட்டியை யாரும் தொடவில்லை. வழியிலும் விழுந்துகொண்டே இருந்தன. பன்னிரண்டாம் நாள் மதியம் எங்கோ ஒரு ஆடு அசைபோடும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. மொக்கைச்சாமி வாயைப் பொத்திக்கொண்டு கேட்டான். அவன் பேசாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்க்க முடிந்தது.

மிஞ்சியது நாற்பத்தைந்து. மொக்கைச்சாமியுடையது ஒன்பது. குச்சியும் சருகும் தின்று திருட்டுப்பட்டம் வாங்கிய சேவுகனின் ஆடுகளில் முப்பத்தொன்று. முதல் கொழுந்தைத் தின்ற இருளாயியின் முப்பத்தெட்டில் ஐந்து.

திரும்பும் வழியில் அண்ணன் முன்னால் நடந்தான், தங்கை ஆடுகளுக்குப் பின்னால் வந்தாள். ஒற்றையாள் இடுக்கில் அவன் கை நீட்டினான். அவள் பாறையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

திரும்ப நடந்த ஆறாம் நாள் பொழுது சாய மேலக்கரடு தெரிந்தது. பனை ஏறியிருந்தவன் பார்த்துச் சொல்லிவிட்டான் போலிருக்கிறது, ஊரே கண்மாய்க்கரையில் நின்றது. உறுமி அடித்தார்கள். நாட்டாமை சங்கையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து, பள்ளம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, ஒரே பச்சை என்றான் சேவுகன். ஒரே கூச்சல்! நாலு பேர் அவனைத் தோளில் தூக்கினார்கள். மற்ற ஆடெல்லாம் எங்கே என்று யாரோ கேட்டார்கள். தோள் மேல் உட்கார்ந்திருந்தவன் தங்கையைப் பார்த்தான். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டு, “அங்கதான் மேயுது, நல்லா மேயுது” என்றான்.

நாளைக் காலையிலேயே கிளம்புவோம் என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. இரண்டாயிரம் ஆடு. பட்டி வலையை எடுக்க ஆட்கள் ஓடினார்கள்.

இருளாயி தலையில் இருந்த சாக்கை இறக்கினாள். சாம்பல் பூசிக் காயவைத்த சுட்டியின் இரைப்பை உள்ளே இருந்தது. அதை எல்லார் முன்னாலும் தரையில் கொட்டினாள். நார் நாராக, முழுசு முழுசாகத் தழை விழுந்தது.

“தொண்ணூத்தி மூணு ஆடு செத்துப்போச்சு. எல்லாத்துக்கும் வயிறு இப்படித்தான் இருந்துச்சு. வீரணன் சித்தப்பா ஆடும் அங்கதான் கெடக்கு. போறவுக இதப் பாத்துட்டுப் போங்க.”

உறுமி நின்றது. தோளில் தூக்கியவர்கள் சேவுகனை இறக்கிவிட்டார்கள். மெதுவாகத்தான் இறக்கினார்கள். உண்மையா என்று சங்கையா கேட்டார். அவன் தலையாட்டினான்.

அப்போதும் ஒருவர், கொஞ்சம் கொஞ்சமாக மேய்த்தால் ஆகாதா என்று கேட்டார். பசி அப்படித்தான் கேட்கும். நிற்காமல் நகர்ந்தால் ஐந்து மிளா அங்கே பிழைக்கும், நாற்பது ஆடும் பிழைக்கும், இரண்டாயிரத்தைக் கொண்டுபோனால் மரமெல்லாம் ஒரு வாரத்தில் கசந்துவிடும் என்று இருளாயி சொன்னாள். மொக்கைச்சாமி, அவள் சொல்வது சரி, நான் இலையை மென்று பார்த்தேன் என்றான். ஊர் கடைசியில் கேட்டுக்கொண்டது. கிடையாகச் சேர்த்து அடைக்காமல், வீட்டுக்கு வீடு பிரித்து, திசைக்கு நாலு ஆடாகச் சில்லறையாக மேய்ப்பது என்று முடிவாயிற்று. அந்தக் கோடையில் மேலக்கரட்டில் மேலும் பல ஆடுகள் செத்தன. பாதிக்கு மேல் பிழைத்தன.

ஆனால் சங்கையா அன்றைக்கு இன்னொரு வேலையையும் முடிக்க வேண்டியிருந்தது. அவர் சட்டத்தை மறக்கும் ஆள் இல்லை. ஊரைக் காப்பாற்றியவளைப் பார்த்து, உனக்கு எத்தனை மிச்சம் என்று கேட்டார். ஐந்து என்றாள். ஐந்து ஆடு ஒரு வயிற்றைக் கழுவாதே என்று தரையைப் பார்த்துச் சொன்னார். புருஷன் வீட்டுக்கு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்கவும் செய்தார். சுற்றி நின்றவர்கள் பட்டி வலையைச் சுருட்டத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அவர்கள் ஆடுகளை அவள் காப்பாற்றியிருந்தாள்.

“அஞ்சு இல்ல, முப்பத்தாறு” என்றான் சேவுகன்.

எல்லாரும் திரும்பினார்கள். அவன் கூட்டத்தை விட்டு விலகி, நாற்பத்தைந்து ஆடுகளுக்கு நடுவே போய், மொக்கைச்சாமியின் ஒன்பதைப் பிரித்து ஒதுக்கினான். மிச்சத்தைத் தங்கை பக்கம் தள்ளினான்.

“என் முப்பத்தொண்ணும் அவளோடது. அவ ஆடெல்லாம் நான் வெட்டிப்போட்ட கொழுந்தத் தின்னுதான் செத்துச்சு. எலும்பப் பாத்தும் வாய மூடிக்கிட்டிருந்தேன். அவள எங்கயும் அனுப்ப வேண்டாம்.”

இருளாயி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவ்வளவு கோபம் இருந்தது. முன்பல் போன ஈறில் நாக்கு பட்டது. கம்பை எடுத்து முப்பத்தாறு ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு கரையை விட்டு இறங்கினாள்.

அடுத்த வாரம் சேவுகன் சுண்ணாம்புக் காளவாசலில் கல் சுமக்கப் போனான். அதற்குப் பிறகு அவன் ஆடு மேய்க்கவில்லை. அண்ணனை மன்னித்துவிட்டாயா என்று இருளாயியை ஊரில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், ஆடுகள் பசித்து நின்ற அந்தக் கோடையில் பதில் சொல்ல அவளுக்கு நேரம் இருந்திருக்காது.